கர்ப்பிணி கடைசியில் உண்ணலாமா?

பாவில் விடுபட்ட இழையை, நெய்து முடித்த சேலையில் சேர்த்தல் இயலாது என்பதை நெசவாளர் நன்கறிவர். கருவில் வளரும் சிசுவின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல தாய்மார் அப்பொழுது அறிவதுகூட இல்லை. இவ்வேலைக்கு இன்றியமையாத சத்து ஃபோலிக் அமிலம். ஆகவே, குழந்தையை எதிர்நோக்கும் பெண் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டு அம்மாத்திரையை உட்கொள்ளத் தொடங்குதல் நலம்.

இச்சத்தைப் பற்றிய அறிவு பிறந்ததே நம் நாட்டு ஆலைத் தொழிலாளிப் பெண்களிடமிருந்துதான். 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், துணியாலைகளில் உழைத்த கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் வருந்துவதைக் கண்டார். கிருமியே காரணமோ என்றும் ஆராய்ந்தார். உணவின் குறையே காரணம் என்று தெளிந்தார். ஈஸ்ட் சாரம் கொடுத்ததும் அப்பெண்கள் தேறினர். 1931-இல் இதனை வெளியிட்டார். அச்சாரத்திலிருந்த மருந்துப் பொருளே ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் விளங்கிற்று. 1941-இல் அதனைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து? கீரையிலிருந்து!

கீரையும் கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் குன்றாண்டார்கோவில் வட்டாரத்திற்குப் புதியன அல்ல. பின் குறை எங்கே? பெரிதும் அடுக்களையில் என்பேன். வீட்டார் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் கர்ப்பிணி. வயிறு நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்றும் கூறுவர். அவ்வச்சத்தால் பிறப்பது எடை குறைந்த, எளிதில் நோய்க்கு இரையாகும் குழந்தை. மாமியாரைக் குறை கூறுதல் எளிது. ஆடவர் உண்டெழுந்த பின்னரே பெண்டிர் உண்ணும் வழக்கம் மாமியார் மட்டும் ஏற்படுத்தியதா?

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். குமட்டினாலும் மலம் கறுத்தாலும் அஞ்சி நிறுத்திவிடாமல் செவிலியரிடம் கூறுக. காப்பியும் தேநீரும் அதன் பலனைக் குறைக்கும். எலுமிச்சையும் நெல்லியும் துணைசெய்யும்.

கருவுற்ற 12 வாரங்களுக்குள் பெயரைப் பதிந்துகொள்க. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசு வழங்கும் மகப்பேறு உதவி, 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருள்களுமாக 18,000 ரூபாய். அது நூல் கடனுக்கும் விதைக் கடனுக்கும் போய்விடலாகாது.

பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சி எறிவதும் வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே; தண்ணீரும் தேவையில்லை. அதன்பின் தாய்ப்பாலோடு பருப்பு மசித்த சோறும் கேழ்வரகுக் கூழும் சேர்க. பாலூட்டும் தாய்க்குக் கர்ப்ப காலத்தினும் மிகுதியான ஆகாரம் தேவை. பத்தியம் என்று கீரையையும் பருப்பையும் அவளுக்கு மறுப்போர் இதனைக் கவனிப்பார்களாக.