கட்-அவுட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள தம்பி,

கரடியூர் தோட்டத்து ஜீப்பில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, கட்-அவுட்டை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. உன் வண்டியில் இருப்பது டைனமோ. ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலேயே சார்ஜ் கொடுக்கும். டைனமோ ஓரளவு வேகம் பிடித்தால்தான் கொடுக்கும். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் வரவைவிடச் செலவுதான் அதிகம். அது ரிப்பேர் இல்லை, டைனமோவின் சுபாவம்.

முதலில் பெல்ட்டை இழுத்துப் பார். பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டி முடுக்கு. பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து டைனமோவைத் தனியாகச் சோதி. உன்னுடையது 12 வோல்ட் லூகாஸ் மாதிரி. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல் தொடங்கிய கம்பெனி. நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் இந்த மாதிரி சகஜம். டி, எஃப் ஒயர்களைக் கழற்றி, இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டர் வை. இன்ஜினை மெல்ல ஏற்று. முள் தயங்காமல் ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதே. பழைய வில்லிஸ் ஜீப்பின் ஆட்டோலைட் டைனமோவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் பீல்டு எர்த் ஆவதே ரெகுலேட்டர் வழியாகத்தான்.

முள் ஏறவில்லை என்றால் கார்பன் பிரஷ்ஷைப் பார். கூட்டில் தாராளமாக ஏறி இறங்க வேண்டும். கம்யூட்டேட்டர் பளபளக்க வேண்டியதில்லை. பழுப்பேறி வழவழவென்று இருந்தால் தொடாதே. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் துணி, போதாவிட்டால் நைஸ் உப்புத்தாள். எமரி மட்டும் வேண்டாம். அதன் துகள் கரண்டைக் கடத்தும், செப்புப் பட்டைகளின் இடுக்கில் சிக்கினால் ஷார்ட்தான். பின் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

இத்தனையும் சரியென்றால்தான் கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் இருக்கும் பெட்டியின் மூடியைத் திற, அதுவும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு. மலை ஈரத்தில் பாயின்ட்கள் கறுத்திருக்கும்; துடை. பிறகு கட்-அவுட் பாயின்ட்களுக்கு நடுவே காகிதத் துண்டு செருகி, ஒயரை மாட்டி, இன்ஜினை ஓட்டி டி டெர்மினலில் அளந்தால் சுமார் 16 வோல்ட்டில் நிற்க வேண்டும். சீக்கிரம் அள, காயில் சூடேறினால் கணக்கு மாறும். நல்ல மீட்டர் இல்லாமல் ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் திருகுகிறவர்கள்தான் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறார்கள்.

இன்ஜின் ஓடும்போது சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு ஐடிலிங்கில் மினுக்கினால் விட்டுவிடு. வேகத்திலும் எரிந்தால் ஓரங்கட்டி பெல்ட்டைப் பார்; வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.

அன்புடன்,
அண்ணன்