கார்த்திகைப் பூவை அறிவோம்

தாயகத்தில் மாரி மழையோடு வேலியிலே படர்ந்து பூக்கும் கார்த்திகைப் பூவை எமது பெரியோர் நன்கு அறிவர். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்காக அதைப்பற்றி இம்முறை சிறிது பார்ப்போம்.

காந்தள், செங்காந்தள் என்பவை இதன் பழைய பெயர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களில் முதலாவது இதுவே. முருகப்பெருமானுக்கு உரிய மலராகவும் சங்கப் புலவர்கள் இதைப் போற்றினர். இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. 1947இல் அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் பணம் சேர்த்து, இப்பூவின் வடிவில் ஒரு வைர அணியை எலிசபெத் இளவரசிக்குப் பரிசளித்தனர்.

ஆறு இதழ்கள் பின்புறமாக வளைந்து நெளிந்து தீச்சுடர்போல் நிற்கும். அரும்பில் பச்சையாக இருக்கும் இதழ், மஞ்சளாகிப் பின் சிவக்கும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தாங்கும். கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர்.

லண்டனில் வளர்க்கும் முறை

பங்குனி, சித்திரையில் கிழங்கைப் பூச்சட்டியில் படுக்கையாக வைத்து, 5 சென்ரிமீற்றர் மண்ணால் மூடி, வீட்டினுள் சூடான இடத்தில் வைக்கவேண்டும். முளை நுனியில் மட்டுமே வரும். அது முறிந்தால் கிழங்கு பயன்படாது. கொடி ஏறத் தடி நடுக. ஆடி, ஆவணியில் பூக்கும். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, உறைபனி படாத இடத்தில் வைக்கவேண்டும். ஆகவே ஊரில் இது பூக்கும் கார்த்திகையில், இங்கே கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும்!

கட்டாயம் கவனிக்கவும்

இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கொல்ச்சிசின் மிகுதி. கௌட் எனும் மூட்டுநோய்க்கு மருந்தாகும் இப்பொருளே அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். கிழங்கை அவித்தாலும் நஞ்சு போகாது. வற்றாளங்கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உயிரிழந்தோர் உண்டு. எனவே கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள்; பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள்; கையுறை அணிந்து தொடுங்கள். யாரேனும் உண்டுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராது உடனே 999ஐ அழையுங்கள். கைவைத்தியம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வினாக்கள்

1. கலப்பைக் கிழங்கு என்ற பெயர் எப்படி வந்தது?
2. கொடி எதனால் பற்றி ஏறுகிறது?
3. கிழங்கை ஏன் சமையலறையில் வைக்கக்கூடாது?

மூன்றாவது வினாவுக்கு வீட்டிலுள்ள எல்லோரும் விடை சொல்லவேண்டும்.