கை மீண்டும் கற்கும்

வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தகைய கைத்திறன் ஒரே நாளில் வருவதன்று. ஒரே அசைவைப் பலமுறை செய்தே விரல்கள் பழகுகின்றன. பக்கவாதத்தால் தளர்ந்த கைக்கும் வழி இதுவே.

பக்கவாதத்தில் இறந்த மூளை அணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆயினும், இடைவிடாத பயிற்சியால் மூளையின் பிற பகுதிகள் அவற்றின் பணியில் ஒரு பங்கை ஏற்கக் கற்கின்றன. முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் பொதுவாக விரைவாக இருக்கும். அதன் பின்னரும் தொடரக்கூடும். எல்லோருக்கும் கை முழுமையாக மீளும் என்று நாங்கள் உறுதி கூற இயலாது. பயிற்சியின்றி விடப்பட்ட கையோ மேலும் இறுகும்.

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் பலர், அன்பு மிகுதியால் தந்தைக்குச் சோறு ஊட்டுகின்றனர். சட்டைப் பொத்தானையும் தாங்களே போடுகின்றனர். கை கற்பதற்கான வாய்ப்பு அங்கே நழுவிவிடுகிறது.

டம்ளரைப் பிடித்தல், துண்டை மடித்தல், பொத்தான் போடுதல் ஆகியவற்றை நாளில் பலமுறை, சில நிமிடங்கள் அவரையே செய்ய விடுங்கள். விழுங்குவதில் சிரமமில்லை என்று மருத்துவர் கூறியிருந்தால், உணவையும் அவரே எடுத்து உண்ணட்டும். சிந்தினால் கடிந்துகொள்ள வேண்டாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகக்கூடும். வலி தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, இயன்முறை மருத்துவரை அணுகுங்கள்.

ஒரு பொத்தானைப் போட இன்று 10 நிமிடம் ஆகலாம். அருகில் அமர்ந்து காத்திருங்கள். அதுவும் சிகிச்சையின் பகுதியே.