காப்பியா? காணிக்கையா?

பெரியவங்க பாட்டை மாற்றி வாசித்தால் அது காப்பியா, மரியாதையா?

நம்ம தாலுகா பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற ஆல்பம் வெளியிட்டார். இருவருக்குக் காணிக்கை அது. ஒருவர், தானே எழுதி மெட்டமைத்துப் பாடிய திருவையாறு தியாகராஜர் (1767–1847). மற்றவர் ஜெர்மனியின் பாக் (1685–1750). பாக் ஒற்றை வயலினுக்கு எழுதிய இசையோடு தன் இசையையும் கோர்த்தார். வயலின் வி.எஸ்.நரசிம்மன்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கும் ஜோனி மிட்செல் எழுதிப் பாடிய பாடல்களை 2007-ல் ஜாஸ் ஆக்கினார். ஆல்பத் தலைப்பிலேயே ஜோனி பெயர்! 2008-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

பேரை மறைத்தால் காப்பி. பேரைச் சொல்லி, சொந்த உழைப்பையும் சேர்த்தால் காணிக்கை. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும்போது இதை நினைச்சுக்கோங்க!