கொல்லிப் பனியும் பதினேழு எழுத்தும்

முன்னுரை

குறைந்த எழுத்தில் நிறைந்த பொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. ஏழு சீரில் அறம் உரைத்த குறள் வெண்பாவும், மூன்றடியிலேயே அகப்பொருளை அமைத்துக் காட்டிய ஐங்குறுநூறும் இதற்குச் சான்றுகள். ஆயினும், ஜப்பானிய ஐக்கூ தமிழுக்கு வந்தபின், எதையும் மூன்று வரியாக மடித்து எழுதினால் அது ஐக்கூ ஆகிவிடும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. எண்ணிக்கை, பருவம் என்னும் அதன் இரு தூண்களும் கைவிடப்பட்டன. இவ்விரண்டையும் தமிழ் மரபின் துணைகொண்டு மீட்க இயலுமா என்பதைக் கொல்லிமலையின் குளிர்காலத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் ஐக்கூ

மட்சுவோ பாஷோ (1644–1694), யோசா புசோன் (1716–1784), கோபயாஷி இசா (1763–1828) ஆகியோர் வளர்த்த இவ்வடிவத்தைத் தமிழர்க்கு முதலில் அறிமுகம் செய்தவர் மகாகவி பாரதியார். 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரன் இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஜப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தைப் போற்றியது. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரித் தமிழ்த்துறையில் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான், 1974இல் வெளிவந்த தம் ‘பால்வீதி’ நூலில் இவ்வகை முயற்சிகளை மேற்கொண்டார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. பின்னதன் தலைப்பிலேயே பனிக்காலம் அமர்ந்திருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எதனை எண்ணுவது?

ஐக்கூ 5, 7, 5 என 17 ஓசையலகு கொண்டது. ஜப்பானியர் எண்ணும் அலகு நம் எழுத்தோடு முற்றும் ஒத்ததன்று. நெடில் அவர்க்கு இரண்டு அலகு; சொல்லிடையிலும் இறுதியிலும் வரும் மெல்லொற்று தனியே ஓரலகு. ‘ஐக்கூ’ என்னும் சொல்லே ஜப்பானிய மொழியில் மூன்று அலகு. தமிழில் ஒற்று நீக்கி எண்ணினால் இரண்டே எழுத்து.

எனவே நம்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, மாத்திரை எண்ணுதல். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்பது நாம் அறிந்த இலக்கணம். ‘முன்பனிக் காலை’ என்னும் தொடர், ஈற்று ஐகாரத்தைக் குறுக்கமாகக் கொண்டால், 7 மாத்திரை பெறும். மற்றொன்று, ஒற்று நீக்கி உயிரையும் உயிர்மெய்யையும் எண்ணுதல். அம்முறையில் அதே தொடர் 5 எழுத்தாகும். மாத்திரைக் கணக்கு ஜப்பானிய முறைக்கு நெருங்கியதெனினும், அரை மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே கவிதை எழுதுவது பயில்வோர்க்கு இடர் தரும்.

ஒற்று நீக்கி எண்ணுவதோ நம் சொந்த மரபு. கட்டளைக் கலித்துறையின் ஒவ்வோரடியும் நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும். அபிராமி அந்தாதியும் கந்தரலங்காரமும் இக்கணக்கில் அமைந்தவையே. நிரையில் தொடங்கும் ஓரடியின் எழுத்தும் முழு ஐக்கூவின் அலகும் 17 ஆக இருப்பது தற்செயலே. எனினும், எழுத்தெண்ணிப் பாடுவது தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்போர்க்கு அதுவே விடையாகும்.

எப்பருவம்?

ஐக்கூவில் பருவத்தை உணர்த்தும் சொல் ஒன்று இடம்பெற வேண்டும் என்பது ஜப்பானிய மரபு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. ஆகவே மலையும் குளிரும் நம் கவிதையில் பிரிக்க இயலாதவை.

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் கூதிர்காலத்தை விரிக்கிறது. விலங்கு மேய்ச்சலை மறப்பதையும், மந்தி நடுங்குவதையும், பறவை கிளையினின்று வீழ்வதையும், பசு பால்குடிக்க வந்த கன்றை உதைப்பதையும் புலவர் கண்டு சொல்கிறார். குளிர் கொடியது என்று அவர் வாதிடவில்லை; குளிரால் நிகழ்ந்தவற்றை அடுக்குகிறார். ஐக்கூ எழுதுவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

இன்று எழுதப்படும் மூன்றுவரிக் கவிதைகள் பலவற்றில் பனித்துளி வானத்தின் கண்ணீராகிறது, இரவின் வியர்வையாகிறது. வேறு சிலவற்றில் மொழிபெயர்ப்புகளின் வழியே வடநாட்டு வெண்பனி நம் ஊர்க் கூரைமேல் பொழிகிறது. முன்னவை உருவகங்கள், பின்னவை காணாதவற்றின் நகல்கள். இரண்டிலும் நம் நிலத்தின் குளிர் இல்லை.

கொல்லியின் குளிர்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, கடல்மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது கொல்லிமலை. வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் நாடு இது. சிறுபாணாற்றுப்படை போற்றும் வள்ளல் எழுவருள் ஓரியோடு இடம்பெறும் பேகன், குளிரால் நடுங்கிற்று என எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தவன். மலைக்குளிரை ஓர் உயிரின் உடலில் கண்ட பார்வை அது.

காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மஞ்சு சூழ்ந்த மலையைக் காண்பர். அங்கே வெண்பனி பொழிவதில்லை. உள்ளவை மஞ்சு, மூடுபனி, வாடை, புல்நுனித் துளி. ‘பனித்தல்’ என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருளுண்டு. நம் கவிதைக்கு இவை போதும்.

சில பயிற்சிகள்

மேற்கூறிய முறையில், ஒற்று நீக்கி, குற்றியலுகரத்தையும் ஓரெழுத்தாகக் கொண்டு, பயிற்சிக்கென நாம் அமைத்த மூன்றினைக் காண்போம்.

மஞ்சு மூடிற்று;
முன்னே சென்ற பேருந்தின்
ஒலி மட்டுமே.

முதலடியில் ம, சு, மூ, டி, று என ஐந்தெழுத்து. ‘அச்சம்’ என்னும் சொல் இங்கில்லை. வளைவில் செல்வோர் அதனைத் தாமே உணர்வர்.

சிட்டமர்ந்ததும்
தாங்கிய பனி எல்லாம்
சிந்திய கதிர்.

இங்கு உவமை இல்லை. நிகழ்ச்சி மட்டுமே உண்டு.

முன்பனிக் காலை;
கம்பளிக்குள் பாட்டியும்
ஆட்டுக்குட்டியும்.

பரிவு என்று சொல்லாமல் பரிவைக் காட்டுவது, நம் அகப்பாடல்களின் இறைச்சிப் பொருளுக்கு உறவுடைய முறையாகும்.

இவை ஐந்து முதல் ஏழு சொற்களில் முடிந்திருப்பதை நோக்குக. விகுதிகளும் உருபுகளும் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்கு 17 எழுத்து குறுகிய இடமே. அக்குறுக்கமே நன்மை செய்கிறது. ‘அழகிய’, ‘இனிய’ என்னும் அடைகள் தாமே உதிர்கின்றன; கண்ட பொருள் மட்டும் எஞ்சுகிறது. எண்ணிக்கையைப் பேணியதனாலேயே ஒன்று கவிதையாகிவிடாது என்பதும் உண்மை. ஆயினும், எண்ணிப் பழகியவரே எண்ணிக்கையை எங்கே தளர்த்தலாம் என்று அறிவர்.

முடிவுரை

மாணவர்கள் யாப்பைத் தேர்வுக்குரிய சுமையாகக் கருதுகின்றனர். மலைக்குச் சுற்றுலா சென்று, மூடுபனியை நிழற்படம் எடுத்துத் திரும்புகின்றனர். அங்கே தலைமுறைகளாக வாழும் முதியோர் காற்றையும் துளியையும் எப்பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேட்பார் அரியர். கேளாது விடுத்த சொல், அதனை வழங்கும் முதியவரோடு மறைந்துபோம்.

எனவே, மார்கழி, தைத் திங்கள்களில் மலையேறும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு கொண்டு செல்க. முதலில் முதியோரிடம் கேட்ட சொல்லை, இடமும் நாளும் குறித்து எழுதுக. பின்னர்க் கண்ட காட்சி ஒன்றை 5, 7, 5 எழுத்தில் அமைத்து, விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க. அக்குறிப்பேடுகளைத் தமிழ்த்துறை ஆண்டுதோறும் தொகுத்துப் பேணுமாயின், யாப்புப் பயிற்சியும் சொற்சேகரிப்பும் ஒருசேர நிறைவேறும்.