சக்கரம் சுற்றும் கணக்கு

பனித்தரையில் பலர் கைகோத்து ஒரே மாதிரி சறுக்கும் விளையாட்டுக்குப் பேரு சிங்க்ரனைஸ்டு ஸ்கேட்டிங். 1956-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ரிச்சர்டு போர்ட்டர் இதற்கு முதல் குழுவை அமைத்தார். அங்கே பெரியவங்களுக்கும் தனிப் போட்டி உண்டு. நம்ம அம்மா வயசுக்காரங்களும் கலந்துக்கிறாங்க!

இதில் 'சக்கரம்' என்று ஓர் அமைப்பு. வரிசையாகக் கைகோத்து நடுவைச் சுற்ற வேண்டும். நடுவிலிருந்து 1 மீட்டரில் இருப்பவர் ஒரு சுற்றுக்குச் சுமார் 6.3 மீட்டர் சறுக்குவார். 4 மீட்டரில் இருப்பவர் அதே நேரத்தில் சுமார் 25 மீட்டர் சறுக்கணும். அவருக்கு நாலு மடங்கு வேகம் வேணும்! உள்ளே இருப்பவர் அவசரப்பட்டால் வரிசை வளைஞ்சிடும். ஒருத்தர் விழுந்தா பக்கத்தில் இருப்பவரும் விழலாம். அதனால் எந்த வயசானாலும் பக்கத்து ஆளைக் கவனித்துச் சறுக்குவதே திறமை.

கேள்வி: 3 மீட்டரில் இருப்பவர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போவார்? (2 × 3.14 × ஆரம்) போட்டுப் பாருங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி