எங்கிருந்து வந்தது? – ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்களின் கேள்விகள்

கே: பல நாடுகளில் செப்டம்பரில் கல்லூரி திறக்க, ஜப்பானில் மட்டும் ஏப்ரலில் திறக்கிறார்களே, செர்ரி பூக்கிற காலம் என்பதாலா? (வாசகி, திருச்சி)

ப: பூவுக்கு இதில் பங்கே இல்லை. கஜானாவும் பட்டாளமும் சேர்ந்து செய்த வேலை இது. மெய்ஜி பேரரசர் காலத்தில் மேலைநாட்டுப் பாணியில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கும் செப்டம்பரில்தான் வகுப்பு. 1908-இல் வந்த நட்சுமே சோசெகியின் ‘சன்ஷிரோ’ நாவலில், குமமோட்டோவில் படித்த இளைஞன் கோடை முடிகிற சமயத்தில்தான் டோக்கியோவுக்கு ரயிலேறுகிறான்.

அதற்கு முன்பே கீழ்மட்டத்தில் எல்லாம் மாறத் தொடங்கிவிட்டது. மட்சுகாதா மசயோஷி நிதியமைச்சராக இருந்தபோது, 1885-ஆம் நிதியாண்டை ஒன்பதே மாதத்தில் முடித்துவிட்டு, 1886 முதல் ஏப்ரல் 1-இல் புதுக்கணக்கு போட்டார்கள். (நம் அரசாங்கக் கணக்கும் ஏப்ரலில்தான். அது வெள்ளைக்காரன் விட்டுப்போனது.) அதே ஆண்டில், கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் கொடுக்கும் நாளும் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்கு நகர்ந்தது. மாணவர் சேர்க்கைக்குப் பழையபடி செப்டம்பர் வரை காத்திருந்தால் நல்ல பையன்களையெல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விடுமே! டோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முந்திக்கொண்டு ஏப்ரலுக்கு மாறியது. பிறகு பள்ளிகளும் மாறின. முரண்டு பிடித்தவை பல்கலைக்கழகங்கள்தான். டோக்கியோ பல்கலைக்கழகம் 1921-இல்தான் இறங்கிவந்தது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, செப்டம்பருக்கே திரும்பிவிடலாமா என்று பேச்சு எழுந்து, வந்த வேகத்தில் அடங்கியும் போனது.

டோக்கியோவில் சேர்க்கை விழா நாளில் மரத்தில் பூ மிச்சமிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வடக்கே ஹொக்கைடோவில் இடம் கிடைத்தால், வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் பூ. ஒன்று கவனியுங்கள்: வெளிநாட்டு மாணவர்களுக்குச் செப்டம்பர், அக்டோபரிலும் சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

கே: கையெழுத்து போட்டால் போதாதாம், முத்திரை கேட்பார்களாமே? (வாசகர், ஈரோடு)

ப: அதன் பெயர் ஹான்கோ. விரல் தடிமனில் ஒரு சின்னக் கட்டை, அடியில் பெயர் செதுக்கியிருக்கும். சிவப்பு மையில் ஒற்றி எடுத்து, காகிதத்தில் ஆடாமல் அழுத்த வேண்டும். சீனத்திலிருந்து வந்த பழக்கம் இது. கி.பி. 57-இல் ஹான் பேரரசர் கொடுத்தனுப்பியதாகக் கருதப்படும் தங்க முத்திரை, 1784-இல் ஷிகானோஷிமா தீவில் மண்ணுக்கடியில் கிடைத்தது. ஒரு பக்கம் 2.3 செ.மீ., எடை 108 கிராம், பிடியாக ஒரு பாம்பு. இப்போது ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சாமானியனை முத்திரையோடு கட்டிப்போட்டது 1873-இல் வந்த அரசாணை. 2020-க்குப் பிறகு அரசு அலுவலகங்களில் இதைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். வங்கியிலோ வாடகை ஒப்பந்தத்திலோ இன்னமும் கேட்கலாம். அங்கே போய்ச் செய்துகொள்ளுங்கள். ஊரிலிருந்தே சுமந்துபோக வேண்டியதில்லை.

கே: மாணவர்களே வகுப்பறையைத் துடைக்க வேண்டுமா?

ப: பள்ளிப் பிள்ளைகள் துடைப்பார்கள். பௌத்த மடங்களில் பெருக்குவதும் பயிற்சிதான். வேர் அங்கே என்பார்கள். பல்கலைக்கழகத்தில் உங்களை யாரும் விளக்குமாறு எடுக்கச் சொல்லமாட்டார்கள். விடுதிக் குப்பையை வகை பிரித்து, அந்தந்த வகைக்குரிய நாளில் போடுவது மட்டும் உங்கள் பாடு.

கே: ஜப்பானிய எழுத்துகள் தமிழ் வரிசையிலேயே வருவதாக நண்பர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், மதுரை)

ப: கிட்டத்தட்ட உண்மை. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நடுவில் இருக்கும் ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’ என்றே ஒலித்தது. அந்த இடத்தில் ‘ப’வைப் போட்டுப் பாருங்கள், நம் அரிச்சுவடி தெரியும். காரணம் தமிழ் அல்ல, சமஸ்கிருதம். மந்திரங்களைச் சரியாக உச்சரிக்க சித்தம் என்ற இந்திய எழுத்தைப் பௌத்தத் துறவிகள் படித்தார்கள். 804-இல் சீனாவுக்குக் கப்பலேறிய கூகாய் அவர்களில் பெரியவர். அந்த எழுத்தின் ஒலி அடுக்கைத்தான் தங்கள் எழுத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

அகராதி மட்டுமல்ல, வகுப்பு வருகைப் பட்டியலும் பெரும்பாலும் இந்த வரிசைதான், அதுவும் குடும்பப் பெயரை வைத்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அதையே சொல்லி, மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். அப்பா அருணாசலம் என்றால் முதல் வரிசை. ராமசாமி, லட்சுமணன் இருவரின் பிள்ளைகளும் கிட்டத்தட்ட கடைசியில், பக்கத்தில் பக்கத்தில். ஜப்பானிய மொழியில் ‘ல’ கிடையாதே!